ஞாயிற்றுக்கிழமை ஊசி

மே 20

நண்டின் அப்பாவுக்கு,

போனைப் பட்டென்று வைத்துவிட்டால் பேச்சு முடிந்துவிடும் என்று நினைத்தீர்களா? என்னிடம் பேனா இருக்கிறது.

நீங்கள் வைத்ததும் நண்டு என் முகத்தைப் பார்த்து, “அப்பாவுக்கு சிக்னல் போயிடுச்சாம்மா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பதினோரு வயசுப் பெண். சிக்னல் போனதற்கும் அப்பாவுக்குக் கோபம் வந்ததற்கும் வித்தியாசம் தெரியாதவளா? பாவம், நான் வெட்கப்படக் கூடாதென்று தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள். அதனால்தான் கடிதம். தாளில் எவ்வளவு கத்தினாலும் அடுத்த அறைக்குக் கேட்காது.

நீங்கள் பாதிதான் கேட்டீர்கள், மீதியைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை கண் டாக்டரம்மா இருட்டறையில் அவள் தாடையை மெஷினில் வைக்கச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு விளக்கைப் போட்டுவிட்டு, “ரெண்டு கண்ணும் அமைதியா இருக்கு. சொட்டு மருந்தை நிறுத்தியும் ரெண்டு வருஷம் ஆச்சு. மூட்டும் நல்லா இருக்குன்னு மூட்டு டாக்டர் எழுதியிருக்கார். உங்களுக்கு இஷ்டம்னா வார ஊசியையும் நிறுத்திப் பார்க்கலாம். வீட்ல பேசிட்டு அடுத்த தடவை சொல்லுங்க” என்றார். அடுத்த தடவை என்பது ஜூலை 11.

நான் சந்தோஷப்படவில்லை என்றுதானே உங்களுக்குக் கோபம்? “டாக்டரே சொல்லும்போது உனக்கென்ன?” என்று கேட்டீர்கள். எனக்கென்ன என்று சொல்கிறேன். நாலு வயதில் இரண்டு முட்டியும் வீங்கி, படியில் பக்கவாட்டில் இறங்குவாளே, உங்கள் அக்காகூட ‘நண்டு’ என்று பேர் வைத்துச் சிரித்தார்களே, அப்போது நாம் முட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கண்ணை யார் பார்த்தது? சிவக்கவில்லை, வலிக்கவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை. பள்ளிக்கூடத்தில் வலது கண்ணை மூடி எழுத்து படிக்கச் சொன்னபோது, “போர்டைக் காணோம் டீச்சர்” என்றாளாம். நாம் தினமும் முத்தம் கொடுத்த கண்ணுங்க அது. உள்ளே அழற்சி வந்து பாதிப் பார்வையைத் தின்று முடித்திருந்தது. இடது கண்ணில் இன்றும் மூன்றாவது வரிக்குக் கீழே அவளால் படிக்க முடியாது.

ஒரு முறை ஏமாந்தது போதும். நிறுத்த வேண்டாம் என்பதுதான் என் முடிவு. இந்த வார ஊசியைப் பற்றிக் கேட்காதீர்கள். அது என் பாடு.

இப்படிக்கு,
நண்டின் அம்மா


மே 29

நண்டின் அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. கவரை நக்கி ஒட்டிய வேகத்திலேயே உன் கோபம் தெரிந்தது, பாதித் தாள் கவரோடு சேர்ந்து ஒட்டியிருந்தது.

போனை வைத்தது தப்புதான். பதினெட்டாவது மாடியில், லிஃப்ட் குழிக்குள் ஒரு கையில் ஸ்பேனரும் ஒரு கையில் போனுமாக நின்றேன். கீழே இருந்து வெல்டர், “அண்ணே, சண்டையை வெளிய போய்ப் போடுங்க, ஸ்பேனர் விழுந்தா கீழ என் தலை இருக்கு” என்று கத்தினான். அந்த அவமானத்தில் வைத்துவிட்டேன். அவன்தான் என் அறைக்கூட்டாளியும். நல்ல பிள்ளை. குறட்டைதான் கொஞ்சம் வெல்டிங் மாதிரி விட்டுவிட்டு வரும்.

நீ சொன்னதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். ஆறு வருஷமாக அந்த ஊசியைப் போட்டவன் நான். நீ பகலெல்லாம் தையல் மெஷின் ஊசியோடு குடும்பம் நடத்துகிறவள், ஒரு நாளைக்கு நானூறு சட்டைக்குப் பொத்தான் காஜா எடுக்கிறவள், இந்த ஊசியைப் பார்த்தால் மட்டும் சமையலறைக்கு ஓடிவிடுவாய். குறை சொல்லவில்லை. வீட்டில் யாராவது ஒருத்தர் கெட்டவனாக இருந்தாக வேண்டும், அது நான் என்று ஆகிவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தாலே அவள் என் பக்கத்தில் உட்கார மாட்டாள். கவனித்திருக்கிறாயா? மருந்து மஞ்சளாக இருப்பதால் மஞ்சளாக எதைப் பார்த்தாலும் குமட்டும். மாம்பழம் வாங்கி வந்த அன்று வாந்தி எடுத்தாள், நீ மாம்பழத்தைத் திட்டினாய். அப்புறம்தானே அந்த மாடிக் கணக்கைக் கண்டுபிடித்தேன். ‘தரை, ஒண்ணு, ரெண்டு’ என்று நான் எண்ண வேண்டும். மூணாவது மாடியில் ஊசி ஏறும், ஐந்தாவது மாடியில் வெளியே வரும், ஏழாவது மாடியில் கதவு திறந்து அவள் ஓடிப்போவாள். இந்த ஊருக்கு லிஃப்ட் மாட்டும் வேலைக்கு வந்த பிறகும் ஞாயிறு பத்து மணிக்குப் போனில் எண்ணிக்கொண்டுதானே இருந்தேன்? மூணு என்று சொன்னதும் அவள் “ஆ” என்று கத்துவாள். அந்தச் சத்தத்தோடு நான் வேலைக்குப் போவேன்.

இந்த ஞாயிறு யார் எண்ணினார்கள்?

நான் சொல்வது இதுதான். இரண்டு வருஷம் ஒரு தகராறும் இல்லை. டாக்டரம்மாவே வழி காட்டுகிறார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தால் நீ கதவைச் சாத்துகிறாயே. மறுபடி வந்தால் மறுபடி போடுவோம். அவளுக்கு ஒரு வருஷமாவது சாதாரண ஞாயிறு கிடைக்கட்டும். எனக்கும்தான்.

யோசி. உடனே பதில் போடாதே, கோபம் ஆறிய பிறகு போடு.

நண்டின் அப்பா


ஜூன் 7

நண்டின் அப்பாவுக்கு,

கோபம் ஆறவில்லை. ஆனாலும் பதில் போடுகிறேன், ஆறும்வரை காத்திருந்தால் ஜூலை 11 தாண்டிவிடும்.

“மறுபடி வந்தால் மறுபடி போடுவோம்” என்று லேசாக எழுதிவிட்டீர்கள். வந்தது நமக்கு எப்படித் தெரியும்? காய்ச்சலா, கொதிக்க? காயமா, ரத்தம் வர? டாக்டரம்மாவிடம் கேட்டேன். “நிறுத்தின பிள்ளைங்கள்ல எத்தனை பேருக்குத் திரும்பி வருது?” என்றேன். “மூணுல ரெண்டு பேருக்கு வரலாம்னு வச்சுக்கங்க. நிறைய பேருக்கு முதல் வருஷத்துலயே. அதனாலதான் நிறுத்தினதும் மாசா மாசம் கூப்பிட்டுப் பார்ப்போம்” என்றார். மூன்றில் ஒன்று நம் பிள்ளையாக இருக்கும் என்று உங்களுக்கு எந்த ஜோசியன் சொன்னான்?

நேற்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவளை ஜன்னல் பக்கம் நிறுத்தி, டார்ச் அடித்து இரண்டு கண்ணையும் பார்த்தேன். “என்னம்மா தேடுற?” என்றாள். என்ன தேடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வெள்ளை வெளேரென்று இருந்தது. அன்றைக்கும் இப்படித்தான் இருந்தது. வெளியே கண்ணாடி மாதிரி இருப்பதைப் பார்த்து நிம்மதிப்படுவதா பயப்படுவதா?

காஜா மெஷினில் இந்த வாரம் இரண்டு தரம் துணியைத் தவறாக வைத்துவிட்டேன். காலரின் பின்பக்கம் ஓட்டை. சூப்பர்வைசர் அந்தச் சட்டையைத் தூக்கிப் பிடித்து, “இது யாருக்கு, பிடரியில பொத்தான் முளைச்சவங்களுக்கா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

ஊசி நடக்கிறது. யார் எண்ணினார்கள் என்று கேட்டீர்கள். யாரும் எண்ணவில்லை.

நிறுத்த வேண்டாம். நீங்களும் அப்படியே சொல்லிவிடுங்கள். ஏன் எதற்கு என்று என்னைக் கேட்காமல் ஒருதரம் சரி என்று சொல்லுங்களேன்.

நண்டின் அம்மா


ஜூன் 19

நண்டின் அம்மாவுக்கு,

சரி.

இப்படி ஒரே சொல்லில் நிறுத்தலாம் என்று பார்த்தேன், கவருக்குக் கௌரவமாக இருக்காது.

போன திங்கட்கிழமை வேலை செய்துகொண்டிருந்தபோது நான் போட்டிருந்த கண்ணாடியின் இடது பக்கம் கிரீஸ் பட்டுவிட்டது. துடைக்கத் துணி இல்லை. அப்படியே வேலையைத் தொடர்ந்தேன். சும்மா ஒரு விளையாட்டுக்கு, வலது கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஸ்க்ரூவை மாட்டப் பார்த்தேன். எட்டு தடவை. ஒன்பதாவது தடவை ஸ்க்ரூ பதினெட்டு மாடி கீழே போனது. அதன் சத்தம் கடைசிவரை கேட்டது. நண்டு அந்தக் கண்ணோடு பந்து பிடிக்கிறாள், படி இறங்குகிறாள், கோடு தாண்டாமல் எழுதுகிறாள். நான் அவளுக்கு மூன்றில் ஒன்று என்று சூதாடப் பார்த்தேனே என்று நினைத்தபோது உட்கார்ந்துவிட்டேன். வெல்டர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

நீ சொன்னதுதான் சரி. நிறுத்த வேண்டாம். எனக்கு நிம்மதியான ஞாயிறு வேண்டும் என்பதற்காக அவள் கண்ணைப் பணயம் வைக்கப் பார்த்திருக்கிறேன். பெண்டாட்டி சொன்னால் கேட்கணும் என்று பெரியவர்கள் சொல்லவில்லை, ஆனால் சொல்லியிருக்கலாம்.

உனக்கு அலைச்சல் வேண்டாமென்று டாக்டரம்மாவுக்கும் ஒரு கடிதம் போட்டுவிட்டேன். ‘ஊசியைத் தொடர்வதாக முடிவு செய்திருக்கிறோம். நான் ஊரில் இல்லாவிட்டாலும் என் மனைவி ஒரு வாரம்கூடத் தவறாமல் போட்டு வருகிறாள்’ என்று எழுதினேன். எழுதும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. கை நடுங்குகிறவள், தனியாக, ஐந்து மாதம்! நான் உன்னைப் பாராட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதைச் சொன்னதாக வைத்துக்கொள்.

இனி சண்டை இல்லைதானே? ஞாயிறு பத்து மணிக்குக் கூப்பிடட்டுமா? நானே எண்ணுகிறேன்.

நண்டின் அப்பா


ஜூன் 30

நண்டின் அப்பாவுக்கு,

கூப்பிடாதீர்கள். இதைப் படித்து முடிக்கும்வரை கூப்பிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தை நாலு நாள் பிளவுஸ் பெட்டிக்குள் வைத்திருந்தேன். சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். நீங்கள் பாராட்டிவிட்டீர்கள்.

ஊசி போடவில்லை. பிப்ரவரி 2-ஆம் தேதியிலிருந்து ஒரு ஊசிகூட அவள் உடம்பில் ஏறவில்லை.

எழுதியாயிற்று. இனி எப்படி நடந்தது என்று சொல்கிறேன். நியாயம் சொல்ல அல்ல, எனக்கே ஒரு வரிசை வேண்டும்.

ஜனவரியில் நீங்கள் வேலைக்குப் போன அடுத்த ஞாயிறு, நீங்கள் போனில் எண்ணினீர்கள். மூணு என்றதும் குத்தினேன். என் கை ஆட, அவள் காலை உதற, ஊசி வளைந்து தொடையில் ரத்தம். அன்று அவள் கத்தியது நிஜம். அடுத்த வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு எப்படியோ போட்டேன். அன்று ராத்திரி அவள் எதுவும் சாப்பிடவில்லை, “அப்பா போட்டா வலிக்காது, நீ என் மேல கோபத்துல குத்துற” என்றாள். மூன்றாவது ஞாயிறு அவள் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, “ஒரே ஒரு வாரம்மா. அப்பாவுக்குத் தெரிய வேணாம்” என்றாள்.

நீங்கள் போனில் “தரை” என்று ஆரம்பித்துவிட்டீர்கள். என்ன செய்வது என்று தெரியவில்லை. கட்டிலில் ஒரு துண்டு மடித்துக் கிடந்தது. மூணு என்றீர்கள். துண்டில் குத்திவிட்டேன். நண்டு என்னைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள், “ஆ!” என்று கத்தினாள். ஏழாவது மாடியில் கதவு திறந்தது. நீங்கள் “சமத்து” என்று சொல்லிவிட்டு வைத்தீர்கள். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஆறு வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஒரு வாரம் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் சேர்த்துப் போட்டுவிடலாம் என்று பார்த்தால், சேர்த்துப் போடக் கூடாதென்று மருந்துத் தாளில் எழுதியிருந்தது. அதற்கடுத்த வாரம் மறுபடி துண்டு. பதினைந்து ஞாயிறு நீங்கள் துண்டுக்குத்தான் எண்ணினீர்கள். அவள் கத்துவதில் தேறிவிட்டாள். ஒரு வாரம் ரொம்ப நடித்துவிட்டாள், நீங்கள்கூட “இன்னிக்கு என்ன இவ்வளவு வலி?” என்று கேட்டீர்கள், ஞாபகம் இருக்கிறதா? துண்டில் மஞ்சள் கறை. கையுறை போட்டுத் தனியாக நனைத்தும் வெளுக்கவில்லை. நீங்கள் போனை வைத்த அந்த ஞாயிற்றிலிருந்து துண்டும் இல்லை, நடிப்பும் இல்லை.

மார்ச்சில் டாக்டரம்மா பார்த்தார், அமைதி. மே மாதம் பார்த்தார், அமைதி. ‘மருந்து நல்லா வேலை செய்யுது’ என்றார். எந்த மருந்து? அப்புறம்தான் நிறுத்தலாமா என்று கேட்டார். நீங்களும் நிறுத்தலாம் என்றீர்கள். நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். என் திருட்டு அப்படியே சட்டமாகியிருக்கும், ஒரு ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது. ஏன் ஆட்டவில்லை? ஒரு மாதமாக இதையே என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நிறுத்தினால் முதல் மாதங்களில்தான் அடிக்கடி பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. அந்த முதல் மாதங்கள் ஏற்கனவே ஓடிவிட்டன, அவருக்குத் தெரியாமல். மருந்தோடு இரண்டு வருஷம் அமைதி என்று அவர் நினைப்பதும் பொய். பொய்யின் மேல் அவர் ஒரு முடிவைக் கட்டப் போகிறார். அதைத் தடுக்கத்தான் வேண்டாம் வேண்டாம் என்றேனா? இல்லை, வேண்டாம் என்று சத்தமாகச் சொன்னால் நான் நல்ல அம்மா ஆகிவிடுவேன் என்று நினைத்தேனா? தெரியவில்லை. வெளியே தொடரணும் என்கிறேன், உள்ளே தொடரவில்லை. எந்த நான் நிஜம் என்று எனக்கே புரியவில்லை.

நீங்கள் எனக்காக டாக்டரம்மாவுக்குச் சாட்சிக் கடிதம் வேறு போட்டுவிட்டீர்கள். உங்கள் பேரையும் என் பொய்யில் சேர்த்துவிட்டேன்.

என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள். நண்டைத் திட்டாதீர்கள்.

நண்டின் அம்மா


ஜூலை 7

இதற்கு முன் மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். முதலாவதில் வெறும் திட்டு. இரண்டாவதில் உன்னோடு பேச்சே இல்லை என்று எழுதி, அதற்கு ஒரு கடிதம் எதற்கு என்று தோன்றியது. மூன்றாவது ஞாபகம் இல்லை.

துண்டுக்கு எண்ணியிருக்கிறேன். பதினைந்து வாரம், மாடி மாடியாக, குரலைக் குழைத்துக் குழைத்து, ஒரு துண்டுக்கு. அந்தப் பக்கம் நீங்கள் இருவரும் வாயைப் பொத்திச் சிரித்திருக்கிறீர்கள். வெல்டர் என்ன விஷயம் என்று கேட்டான், சொல்லவில்லை. சொன்னால் அவனும் சிரிப்பான். சிரிக்கிற விஷயம்தான்.

உடனே ஊசியை ஆரம்பி என்று எழுத வந்தேன். எழுதும்போதே கை நின்றுவிட்டது. மே மாதம் நிறுத்து நிறுத்து என்று கத்தியவன் நான். நீ நிறுத்தியிருக்கிறாய். நான் கேட்டது நடந்திருக்கிறது, அப்புறம் எனக்கு ஏன் வயிறு எரிகிறது? கண் அமைதியாக இருந்தால் நீ செய்தது சரி என்று ஆகிவிடுமா? கண்ணில் வந்திருந்தால் தப்பு என்று ஆகிவிடுமா? செய்தது ஒன்றுதானே. இரண்டு நாளாக இதையே பிசைந்துகொண்டிருக்கிறேன், மாவும் இல்லை, ரொட்டியும் இல்லை.

ஒரு விஷயத்தில் எனக்கு உன் மேல் நிஜமான கோபம். உன்னால் முடியவில்லை என்றால் என்னிடம் சொல்லியிருக்கலாம். தெருமுனை கிளினிக்கில் நர்ஸ் இருக்கிறார். நான் வேலையை விட்டுவிட்டு வந்திருப்பேன். வந்திருப்பேனா? வந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். “கை நடுங்குதுங்க” என்று நீ முதல் வாரம் சொன்னாய். “பழகிடும்” என்று சொல்லிவிட்டு வைத்தேன். அதுவும் ஞாபகம் வந்தது. எழுத வேண்டாம் என்று பார்த்தேன், எழுதிவிட்டேன்.

ஜூலை 11 வரை காத்திருக்காதே. நாளைக்கே போ. டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல். என் கடிதம் பொய் என்றும் சொல்.

எனக்குப் பயமாக இருக்கிறது.


ஜூலை 14

நண்டின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே, ஜூலை 1 அன்றே போய்விட்டேன். உங்களுக்கு எழுதியதைத் தபால்பெட்டியில் போட்டதும் கால் தானாக அந்தப் பக்கம் நடந்தது. திரும்பி வந்து எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது.

நண்டை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் முதலில் உள்ளே போனேன். துண்டு வரை எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா திட்டவில்லை. உங்கள் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துப் பார்த்தார், மூடினார். கடைசி ஊசி என்றைக்கு என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு நண்டைக் கூப்பிட்டு விளக்கை அணைத்தார்.

வலது கண்ணைச் சீக்கிரம் முடித்துவிட்டார். இடது கண்ணை விடவே இல்லை. நான் சுவரில் சாய்ந்து நின்றேன்.

வந்திருக்கிறதுங்க. இடது கண்ணில் மட்டும். கொஞ்சம்தான், ஜன்னல் வெளிச்சத்தில் தூசி பறக்கிற மாதிரி சில வெள்ளை அணுக்கள் மிதக்கின்றன என்றார். எழுத்து படிக்கச் சொன்னார்கள். எப்போதும் போல மூன்று வரி படித்தாள். மூச்சு வந்தது. பார்வை குறையவில்லை, ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம் என்றார்.

அப்புறம் அவர் சொன்னதைத்தான் நான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன். “நீங்க சொல்லாம இருந்திருந்தா, ஊசி போட்டுக்கிட்டு இருக்கும்போதே வந்துடுச்சு, இந்த மருந்து இனிமே கேட்காதுன்னு முடிவு பண்ணி, இதைவிடப் பலமான மருந்துக்கு மாத்தியிருப்பேன். பழைய மருந்து தோத்துப்போகலை. அதை நாமதான் குடுக்கலை.” முறையாக நிறுத்தியிருந்தாலும் வந்திருக்குமா என்று கேட்டேன். “வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். ஆனா மாசா மாசம் பார்த்திருப்பேன்” என்றார். பயத்தை மறைக்காமல் முதல் வாரமே வந்திருந்தால் நர்ஸை ஏற்பாடு செய்திருப்பேன், மாத்திரையாகக்கூட மாற்றிப் பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார். மாத்திரை! ஐந்து மாதமாக ஊசி, துண்டு என்று இரண்டே வழிதான் உலகத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சொட்டு மருந்து மறுபடி ஆரம்பித்தாயிற்று. ஊசியும்தான். ஞாயிறு காலை கிளினிக் நர்ஸ் வந்து போடுகிறார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், ஓடவில்லை. நண்டு என்னோடு பேசுவதில்லை. நான் அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டேனாம். நர்ஸிடம் மட்டும் சிரிக்கிறாள்.

நேற்று சாயங்காலம் அவளாக வந்தாள். நான் சொட்டு விட்டுக்கொண்டிருந்தேன். மேலே பார்த்தபடியே கேட்டாள்.

“ஊசி போட்டிருந்தா இது வந்திருக்காதாம்மா?”

“தெரியலடி.”

“அப்பா சொன்ன மாதிரி டாக்டர்கிட்ட சொல்லிட்டு நிறுத்தியிருந்தா?”

“அதுவும் தெரியல.”

அடுத்த சொட்டுக்குத் தாடையை உயர்த்தினாள். அப்புறம், “ஒரே ஒரு வாரம்னு நான்தானே கேட்டேன். அப்போ என்னாலதானே வந்துச்சு?” என்றாள்.

சொட்டு மருந்து கன்னத்தில் வழிந்துவிட்டது. “இல்ல” என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் சொல்லிவிட்டது. “நீ சின்னப் பிள்ளை, கேட்ட. போடாம விட்டது நான். உன்னால இல்ல.” அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் சொன்னால் அவளுக்கு எடுபடாது. நானும் கூட்டுக் களவாணிதானே. நீங்கள் ஏமாற்றப்பட்டவர், நீங்கள் எழுதினால் நம்புவாள். அவள் பேருக்கு நாலு வரி எழுதுங்கள். என்னை என்ன செய்வது என்று அப்புறம் முடிவு செய்துகொள்ளுங்கள்.

நண்டின் அம்மா


ஜூலை 22

நண்டின் அம்மாவுக்கு,

உள்ளே மடித்து ஒட்டியிருக்கும் தாள் அவளுக்கு. நீ பிரிக்காதே.

லீவு கேட்டேன். அடுத்த பரிசோதனைக்கு நான் வருகிறேன். அந்த இருட்டறையில் ஆறு வருஷத்தில் நான் மூன்று தரம்தான் நின்றிருக்கிறேன். ஊசி என் வேலை, டாக்டர் உன் வேலை என்று பிரித்துக்கொண்டோம். எந்த மடையன் இப்படிப் பிரித்தான் என்று யோசித்தால் நான்தான். கண் அடங்கி, மறுபடி இரண்டு வருஷம் போய், மறுபடி ஒருநாள் டாக்டரம்மா நிறுத்தலாமா என்று கேட்பார். அன்றைக்கும் எனக்குப் பதில் தெரியப்போவதில்லை. தெரியவில்லை என்று இரண்டு பேரும் அவர் முன்னால் உட்கார்ந்து சொல்வோம்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், ஒரு நாள் ஆமாம், ஒரு நாள் இல்லை. இன்று என்ன நாள் என்று பார்க்கவில்லை.

அவளுக்கு எழுத உட்கார்ந்தேன். ‘உன்னால் இல்லை’ என்று எழுதுவதற்கு அரைமணி நேரம் ஆனது. எழுதி ஒட்டிய பிறகுதான் தோன்றியது, உன்னிடம் இதை யாரும் சொல்லவில்லை. உனக்கு அப்படியே எழுதினால் பொய்யாகிவிடும், நம் வீட்டில் இனி அது வேண்டாம். நிஜம் எவ்வளவோ அதை மட்டும் எழுதுகிறேன்.

உன்னால் மட்டும் இல்லை.

நண்டின் அப்பா